காட்டிக்குடுத்தவள்

"கட்டின புருசனைப் பொலிசுக்குக் காட்டிக்குடுத்தவள். அவளின்ரை கையால நான் தேத்தண்ணி குடிக்கமாட்டன்." காருக்குள்ளேயே சொல்லிவிட்டாள் விமலாதேவி.

"கொஞ்சம் வாயை மூடு. அந்தப் பெடியனுக்கு ஆறுதல் சொல்லத்தான் போறம்," என்றார் கதிர்காமநாதன்.

டூங்கபித் தமிழ்ச்சனம் முழுக்க அந்தக் கதைதான். விக்னராஜா முறையாக லைசன்ஸ் எடுத்துத் துவக்கு வைத்திருந்தவன். தெரிந்த வெள்ளைக்காரனின் பண்ணைக்கு முயல் சுடப் போவான். போன மாசம் கராஜுக்குள் வைத்து அதன் குழலை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்துக் கட்டையாக்கிவிட்டான். சொந்தத் துவக்கென்றாலும் அது இங்கே பெரிய குற்றம். மனிசி நிரஞ்சினி பொலிசுக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டாள். துவக்கும் போச்சு, லைசன்ஸும் போச்சு. இப்போது கோட்டில் வழக்கு.

நிரஞ்சினிதான் கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வாங்கோ அன்ரி, இருங்கோ."

"நாங்கள் தம்பியைப் பாக்க வந்தனாங்கள்."

அவள் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள்.

விக்னராஜா கதிரையில் சாய்ந்திருந்தான். முதுகு அடிபட்டு வேலை போனதிலிருந்து அவன் சிரித்து ஒருவரும் கண்டதில்லை.

"காட்டிக்குடுத்தவைக்கு எங்கடை சனம் என்ன பேர் வைச்சதெண்டு உனக்குத் தெரியும்தானே?" கதிர்காமநாதன் குசினிக்குக் கேட்கவே சொன்னார். "கோயில்ல ஒருத்தரும் அவளோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. நல்லா வேணும்."

"அங்கிள், அவளுக்கு அந்தச் சட்டமே தெரியாது. நான்தான் சொல்லிக்குடுத்தனான்."

"என்ன?"

"பொலிசுக்கு அடியெண்டு சொன்னதும் நான்தான். அவள் அழுதழுதுதான் அடிச்சவள்."

"உனக்கென்ன விசரே? வேண்டாமெண்டால் ஸ்டேசனில கொண்டுபோய்க் குடுத்திருக்கலாமே!"

"குடுத்திட்டு, மனம் மாறி இன்னொண்டு வாங்கிப்போடுவன் அங்கிள். லைசன்ஸ் கையில இருந்ததே. குழலை வெட்டினவனுக்கு லேசில லைசன்ஸைத் திருப்பித் தரமாட்டாங்கள். அதுக்காகத்தான் வெட்டினனான்."

கதிர்காமநாதன் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். விமலாதேவிதான் கேட்டாள்:

"இவ்வளவு காலம் வைச்சிருந்த துவக்குத்தானே தம்பி? இப்ப என்ன திடீரெண்டு பயம்?"

விக்னராஜா குரலைத் தாழ்த்தினான்.

"துவக்குக்குப் பயமில்லை அன்ரி. தனிய இருக்கேக்கை எனக்கு என்னைத்தான் பயம். அது ஊருக்குத் தெரியக்கூடாதெண்டுதான் அவள் உங்கடை பேச்செல்லாம் கேட்டுக்கொண்டு நிக்கிறாள்."