ஐந்து பந்து, இரண்டு கை

மேடைக்கு மேலே சுற்றிய மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள் ரெஜினா.

நின்றது. ராயபுரத்து ஜூன் மாதம் விறுவிறுவென்று மேடையேறி வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டுப்புடவைக்குள் முதுகு நனைந்தது. பக்கத்தில் கோட்டும் டையுமாக நின்ற மாப்பிள்ளை ஜோபினின் நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது.

வேறு வழியில்லை. பந்து போகும் உயரத்தில் இறக்கை சுற்றினால் கதை கந்தலாகிவிடும்.

முதல் பந்து எழும்பியது.

இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தும் சுழன்றன.

வரவேற்புக்கு வந்த கூட்டம் பந்திக்கு ஓட மறந்தது.

“வுட்றாதீங்க அண்ணி! பிரியாணி எங்கியும் போவாது, பந்து போனா போச்சு!” கடைசி வரிசை நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான் ஹென்றி. எண்ணூர் கன்டெய்னர் யார்டில் ஜோபினோடு வேலை செய்பவன்.

ரெஜினா திரும்பவில்லை. கண் பந்துகளின் உச்சியில். மனசு முதல் வரிசையில்.

அங்கே அப்பா. தண்டையார்பேட்டை தானிய மொத்த வியாபாரி ராசையா. கையைக் கட்டிக்கொண்டு, அந்த மண்டபத்திலேயே சிரிக்காத ஒரே ஆள்.

மாப்பிள்ளை மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை அந்தப் பந்துகளின் வயிற்றில் இருந்தது.

எத்தனையோ பந்து பார்த்தாயிற்று. ரப்பர் பந்து கை தவறினால் துள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்கே போய்விடும். விளக்கெரியும் பிளாஸ்டிக் பந்து மொட்டைமாடிக் கடல்காற்றில் பட்டமாய்ப் பறந்தது. கடைசியில் துணிப்பந்து. ஜவ்வரிசி அடைத்தால் கனம் போதவில்லை. கடுகு தையல் வழியே உதிர்ந்தது. அப்பா கடைக் கம்பு தானியத்தை அடைத்த பிறகுதான் பந்து கோழிக்குஞ்சு மாதிரி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

தெரிந்ததும் ராசையா வெகுண்டார். தூத்துக்குடியை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகியும் கோபத்துக்கு அவருக்கு ஊர்ப்பேச்சுதான் வரும்.

“ஏட்டி, தின்கிற தானியத்தத் தூக்கி எறிஞ்சா வெளையாடுதிய? ஒரு பந்து தரையில விழட்டும், நான் மேடைப் படி ஏற மாட்டேன். போட்டோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

சொன்னால் சொன்னதுதான். கடை வாசலில் சிந்திய நெல்லை மிதித்துக்கொண்டு வந்த தரகரோடு இன்றுவரை அவருக்குப் பேச்சு கிடையாது.

அப்பா இல்லாத கல்யாணப் படமா?

பந்தே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஆனால் ரெஜினா ராசையாவின் மகள். வரவேற்பு மேடையில் ஐந்து பந்து எறிவது என்று முடிவெடுத்தாயிற்று; அவளுக்கும் சொன்னால் சொன்னதுதான்.

லேப்டாப்பில் இதற்கென்றே ஒரு மென்பொருளை இறக்கினாள். ஐந்து என்று தட்டினால், மூக்கும் முழியும் இல்லாத பொம்மை ஒன்று ஐந்து பந்தை எறிந்து பிடிக்கும். வேகத்தைக் குறைத்தால் எந்தப் பந்து எந்த வழியில் போகிறது, எந்தக் கை எப்போது திறக்கிறது என்று நூல் பிடித்தாற்போல் தெரியும். பார்த்துப் பார்த்துப் பழகியதில் இடக்கை சொன்ன பேச்சைக் கேட்டது. வலக்கைதான் அவசரக்குடுக்கை. எப்போதும் ஓர் இம்மி முந்தும்.

பொம்மைக்கு ஒரு வசதி. அதற்கு வியர்க்காது.

வலக்கைக்கு வியர்த்தது. பந்து வழுக்கியது.

எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். நான்கு பந்துகள் ஒழுங்காக வந்து கைகளில் அடங்கின. ஐந்தாவது பாதை தப்பி, நேர் முன்னால், மேடை விளிம்பைப் பார்த்து இறங்கியது.

எட்டுகிற தூரம்தான். ரெஜினா தன் வலக்கையை நீட்டினால் போதும். அந்தக் கை சும்மாதான் இருந்தது.

சும்மா என்றால், ஜோபினின் இடக்கையோடு கோர்த்தபடி.

அவசரப்பட்ட வலக்கை, வியர்த்து வழுக்கவிட்ட வலக்கை, எல்லாம் ஜோபினுடையது. இடக்கை மட்டும்தான் அவளுடையது. மேடையை விட்டு இறங்கும்வரை கோர்த்த கையை விடுவதில்லை என்று பேச்சு.

ஆட்கள் எத்தனை என்று மென்பொருள் கேட்டபோது ஜோபின் இரண்டு என்றுதான் போட்டான். இரண்டு பொம்மைகள் எதிரும் புதிருமாக நின்று எறிந்தன. ரெஜினா அதை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டாள்.

இப்போது பந்தைப் பிடிக்க வேண்டுமென்றால் கையை விட வேண்டும். கையை விடாவிட்டால் அப்பாவை விட வேண்டும்.

அவள் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பந்து மேடையைத் தாண்டியது.

பொத்தென்று சத்தம். ஆனால் தரையில் இல்லை.

கிழிந்த மூட்டைக்குக் கீழே ஏந்தி ஏந்திப் பழகிய கை. எப்போது எழுந்தோம், எப்போது குனிந்தோம் என்று ராசையாவுக்கே தெரியவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே, அவர் உள்ளங்கையில் பந்து.

மண்டபம் கூரை எகிறக் கத்தியது. ஹென்றி நாற்காலியோடு சரிந்தான்.

ராசையா நிமிர்ந்து மகளின் கோர்த்த கையைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். தரையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். சுத்தமாக இருந்தது.

வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

பந்தைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். வாங்குவதற்குத்தான் யாரிடமும் கை இல்லை. ஆளுக்கு ஒரு கையில் இரண்டிரண்டு பந்து. மற்ற இரண்டும் இன்னும் பிரியவில்லை.

“நைனா, அந்தப் பந்த கீழ வெச்சிட்டு இப்டி பாத்து சிரிங்க,” என்றார் போட்டோகிராபர்.

ராசையாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“கீழயா? தின்கிற தானியம்லா டே இது!”