வாசலோடு போகிற சம்பந்தி

பெற்ற மகள் "அப்பா!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறாள். அந்த மனுஷனோ இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"அங்கேயே நில்லும்மா. நல்லா இருக்கியா? மாப்பிள்ளை சௌக்கியமா? சரி, நான் வரட்டா?"

அவ்வளவுதான். கேட்டுக்கு வெளியே நின்றே பேசிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளரி வளர்க்கும் பசுமைக் குடிலின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? இது என்ன முதல் தடவையா? ஒரு மாசமாக இதே கூத்துதான்.

"சம்பந்தி, உள்ள வந்து எங்க வெள்ளரியை ஒரு தடவை பாருங்க" என்றால், "இருக்கட்டும் சம்பந்தியம்மா."

"ஒரு வாய் காப்பியாவது?"

"இப்பத்தான் குடிச்சேன்."

நீட்டிய தண்ணீர் டம்ளரைக்கூட வாங்கவில்லை.

"உங்கப்பாவுக்கு எதுக்கும்மா இந்த ராங்கி?" மருமகளிடம் பொரிந்து தள்ளினார். "அவர் காலங்காலமா வெள்ளரி போடுறவராம், நாம நேத்து முளைச்சவங்களாம். நம்ம குடிலுக்குள்ள கால் வச்சா கிரீடம் இறங்கிடுமோ?"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடி கட்டப் போனாள்.

அதுதான் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. தன்னை மதிக்காவிட்டால் போகிறது. (அது பொய். அதுவும் பொறுக்காது.) ஆனால் இந்தப் பெண்ணை அழ வைக்கலாமா? மகனுக்கு வேலை போனபிறகு, மாமியாரும் மருமகளும் சேர்ந்து துணிந்து போட்ட முதல் பயிர். அடுத்த வாரம் முதல் பறிப்பு. வீட்டில் எல்லோருடைய நம்பிக்கையும் அந்தக் கொடிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

மறுநாள் காலை, "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். போனது சம்பந்தி வீட்டுக்கு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்று முடிவு.

வீடு பூட்டியிருந்தது.

"வெளிய போயிருக்காங்க. சாயங்காலம்தான் வருவாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

வந்தது வந்தாயிற்று. அப்படி என்னதான் வளர்க்கிறார், ஒரு பார்வை பார்த்துவிடுவோமே என்று பின்பக்கம் போனார். அங்கே குடில் கதவில் ஒரு பலகை: 'உள்ளே யாரும் வரக் கூடாது.'

"அது ஊராருக்கு. நான் சம்பந்தியாக்கும்!"

தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே நுழைந்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இலையெல்லாம் சுருங்கி, பச்சையும் மஞ்சளுமாய்த் திட்டுத் திட்டாகக் கிடந்தது. காயெல்லாம் கோணல்மாணல். ஓர் இலையைக் கசக்கிப் பார்த்தார். ஒரு காயை ஒடித்துக் கடித்து, "த்தூ!" என்று துப்பினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொடிகளை விலக்கிக்கொண்டு நடந்துவிட்டுத் திரும்பினார்.

"தண்ணி விடத் தெரியலை. இந்த லட்சணத்துக்கா இத்தனை வீறாப்பு!"

வீடு திரும்பும்போது மனசு லேசாகிவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. சம்பந்தி மேல் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டார். கைகால் கழுவக்கூட நிற்காமல் நேரே தன் குடிலுக்குள் போனார்.

"எழுந்திரும்மா. நேத்தெல்லாம் அழுது அழுது முகம் எப்படி வீங்கியிருக்கு பாரு. போய்ப் படு. இன்னிக்குக் குடிலை நான் பார்த்துக்கறேன்."

"என்ன அத்தை, திடீர்னு இவ்வளவு குஷி?"

"ஒண்ணுமில்ல. நம்ம செடி மாதிரி எங்கயும் கிடையாது, தெரிஞ்சுக்கோ."

சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வழக்கம்போலக் கேட்டுக்கு வெளியே சம்பந்தி. ஆனால் முகத்தில் ஈயாடவில்லை.

"சம்பந்தியம்மா, நீங்க வந்ததா பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அடிச்சுப் பிடிச்சு ஓடி வரேன். எங்க வெள்ளரிக்குத் தேமல் நோய். வந்தா மருந்தே கிடையாது. மொத்தத்தையும் பிடுங்கி எரிக்கணும். அதுக்கு ஆள் பார்க்கத்தான் இன்னிக்குப் போயிருந்தேன்."

"தேமலா?"

"ஆமா. அது பரவறதுக்குப் பூச்சிகூட வேணாம். நோய்ச்செடியைத் தொட்ட கை இன்னொரு செடியில பட்டாப் போதும், ஒட்டிக்கும். துணி பட்டாலும் அப்படித்தான். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் என் கை மேல எனக்கே நம்பிக்கை வரல. அதான் என் பொண்ணைக்கூடத் தொடல. அவ நாள் பூரா உங்க செடிக்குள்ள நிக்கிறவ இல்லையா?"

மாமியார் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சம்பந்தி?"

"சொன்னா அவ சும்மா இருப்பாளா? அப்பா தனியா திண்டாடுறாரேன்னு ஓடி வந்து என்னோட நிப்பா. அப்புறம் அதே கையோட இங்க வருவா. என்னோடது போனது போகட்டும், உங்களோடதாவது பிழைக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். பார்க்காம இருக்கவும் முடியல, அதான் வாசலோட வந்துட்டுப் போறேன்." அவர் குரல் தணிந்தது. "நீங்க குடிலுக்குள்ள போகலையே? எதையும் தொடலையே?"

மாமியார் வாயைத் திறந்தார்.

அதற்குள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள் மருமகள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, விஷயம் தெரியுமா? எங்க அத்தை இன்னிக்கு என்னைப் படுக்க வச்சுட்டு, ஒரு கொடி விடாம அத்தனையையும் அவங்க கையாலேயே கட்டி முடிச்சாங்க!"