டீ வைக்கும் கை

மாரிக்கனி சொல்லாமல் போய்விட்டாள்.

திரையில் அவள் முகம் இருந்த இடம் கறுப்பாகக் கிடந்தது.

மனநல ஆலோசகர் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். சாவு கண்டவர்களிடம் கம்ப்யூட்டரில் பேசி ஆற்றுவது அவர் வேலை. அது ஒருவிதத்தில் சுமை இறக்குகிற வேலைதான். இறக்கியவர் தோளில் கொஞ்சம் தங்கிவிடும்.

மாரிக்கனி ஒருநாளும் இப்படிப் போனதில்லை. "போயிட்டு வாரேன் தாயி" என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள்.

போன மாதம், "நானும் அவுக பின்னாலயே போயிரலாமான்னு இருக்கு" என்றும் சொல்லியிருந்தாள்.

பட்டாசு ஆலை வெடித்ததில் புருஷனைப் பறிகொடுத்தவள். முதல் நாள், "லோடு எறக்கப் போயிருக்காக" என்றாள்.

ஆலோசகர் மறுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"எப்ப வருவாரு?"

அன்றுதான் மாரிக்கனிக்கு அழுகையே வந்தது.

இன்று எங்கே பிசகியது?

இடையில் சில வாரம் தான் வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று. பின்னால் வெறும் சுவர். படமும் விளக்கும் அடுத்த அறையில். வாய் தவறி ஒரு சொல் வரவில்லை.

பாதிப் பேச்சில் எப்போதும் திரையின் ஓரத்தில் ஒரு கை வரும். டீ டம்ளரை வைத்துவிட்டுப் போகும்.

மாரிக்கனி சிரிப்பாள். "கைய மட்டும் காட்டுறாரே ஒங்க வீட்டுக்காரரு. மொகத்துக்குத் தனி டிக்கெட்டா?"

இன்று அந்த நேரம் வந்தது. கை வரவில்லை.

ஆலோசகரின் கண் கதவுப் பக்கம் போயிற்று. ஒரே ஒரு தடவை.

அடுத்த நொடி திரை கறுத்துவிட்டது.

போனை எடுத்து அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடு, எடு என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

எடுத்தாள்.

"ஏம்மா சொல்லாமப் போயிட்டீங்க? பயந்தே போயிட்டேன்."

"எழவு வீட்டுல சொல்லிட்டா கெளம்புவாக, தாயி?"

அடுத்த அறையில், மாலை போட்ட படத்தின் முன்னால், விளக்குத் திரி பொரியும் சத்தம் கேட்டது.

ஆலோசகர் எட்டி அந்தக் கதவைச் சாத்தினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அவர் ஊருக்குப் போயிருக்கார்."

மாரிக்கனி மறுக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"எப்ப வருவாரு?"