மூன்று முறை கூப்பிட்ட தம்பி

ஒரு வயல்வரப்பில் அக்கா எலியும் தம்பி எலியும் ஒரே வளையில் குடியிருந்தன. தம்பிக்குப் பின்னங்கால் ஒன்று நொண்டி. குட்டியாக இருந்தபோது பூனை கவ்வி, எப்படியோ பிழைத்துவந்த கால் அது. தான் அன்றைக்குத் தொலைவில் நெல் பொறுக்கப் போயிருந்ததாக அக்கா எப்போதும் சொல்லும்.

அக்காவுக்குக் கதை எழுதும் பழக்கம் உண்டு. தேக்கிலையில் பல்லால் எழுத்துகளைக் கொறித்துவைக்கும். ஒரு முறை அந்தப் பூனையின் கதையையே எழுதியது. கதையில் தம்பி எலி "அக்கா!" என்று மூன்று முறை அலறுகிறது. மூன்றாவது அலறலில் அக்கா வளையிலிருந்து பாய்ந்து வந்து பூனையின் மூக்கைக் கடிக்கிறது.

தம்பி இலையை வாங்கிப் படித்தது. படிக்கப் படிக்க அதன் மீசை அசையாமல் நின்றுவிட்டது.

"மூணு தடவைதான் கூப்பிட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உனக்கு எப்படித் தெரியும்?"

கதைதானே, சும்மா எழுதினேன் என்று அக்கா சொல்லிவிடலாம். தம்பியோ பார்வையை எடுக்கவே இல்லை.

"வளைக்குள்ளதான் இருந்தேன். மூணும் கேட்டுச்சு. கால் நகரல."

தம்பி நொண்டிக்கொண்டே வாசல்வரை போனது. இனி திரும்பி வராது என்றே அக்கா நினைத்தது. தம்பி அங்கேயே நின்று, முகத்தைக் காட்டாமல் சொன்னது:

"மூக்கைக் கடிக்கிற அக்கா பொய். உள்ளே இருந்தவ என்ன செஞ்சா? அதை எழுது."

அக்கா புது இலையை இழுத்தது. முதல் எழுத்தைக் கொறித்தது. தம்பி வாசலிலேயே உட்கார்ந்து, அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தது.