பதினான்காவது உரை

நூலகத் தொழில்நுட்ப மாநாட்டில் பதிவான உரைகளை இணையத்தில் ஏற்றும் வேலை, திருகோணமலையில் நூலக உதவியாளராக இருந்த கஜந்தியின் தலையில் விழுந்தது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தே ஏற்றியதால் பதினான்காவதும் ஏறிவிட்டது. அது உரையே அல்ல. குச்சவெளி வாசிகசாலையை நடத்திய சோமசேகரம், சுனாமி கொண்டுபோன புத்தகங்களைப் பற்றிப் பேச இருந்தார். மாநாட்டுக்கு ஒரு கிழமைக்கு முன் காலமாகிவிட்டார். அவருக்குரிய பத்து நிமிடமும் சபை எழுந்து நின்று மௌனம் காத்தது.

"தங்கச்சி, அதை அழிச்சுவிடுங்கோ. வெறும் மேசைதானே தெரியுது," என்றார் படம்பிடித்த ஜமால்தீன்.

"பொறுங்கோ நானா. கீழே எழுத்து ஓடுது."

பேச்சைக் கேட்டுத் தானாக எழுதும் வசதி அது. ஜமால்தீன் ஒலியைக் கூட்டிப் பார்த்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எழுத்து நிதானமாக வந்தது.

"1124, கடலிலை போச்சு. 1125, கடலிலை."

கஜந்தி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். ஒன்பது வயதில், சுனாமிக்கு இரண்டு நாள் முந்தி, அந்த வாசிகசாலையில் இரவல் எடுத்த பறவைப் புத்தகம் இன்னும் அவள் வீட்டு அலுமாரியில் இருந்தது. முத்திரையில் இலக்கம் 1127. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"1126, கடலிலை. 1127, கஜந்தியிட்டைப் பத்திரமா இருக்கு."

கஜந்தி கதிரையை விட்டு எழுந்து நின்றாள். ஜமால்தீனும் எழுந்தார்.

"1128, கடலிலை."