குலுங்காத வண்டி

"குழியில இறங்கினா இடுப்பே கழண்டுடுதுப்பா," என்று தன் பழைய பைக்கை மெக்கானிக்கிடம் விட்டார் அவர்.

"முன் சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க் செத்துப்போச்சு சார். புது மாடல் வண்டியில கழட்டினது ஒண்ணு வருது. போட்டா மெத்தையில போற மாதிரி இருக்கும்."

"இந்தப் பழசு?"

"காயலான்கடைக்குத்தான். வேற எதுக்கு ஆகும்?"

துருவை மறைக்க மனைவி சிவப்பு நகப்பூச்சு தடவியிருந்த அந்த ஃபோர்க்கை, தொல்லை விட்டது என்று தலைமுழுகிவிட்டு, புதியதை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். வீட்டுக்குள் நுழையும் முன்பே அவரை வாசலுக்கு இழுத்தான்.

"மாமா, என் புது பைக்குக்கு அந்தக் காலத்து ஃபோர்க் மாட்டிட்டேன். இப்ப இதான் கெத்து. உங்க மெக்கானிக்தான் எங்கெங்கயோ அலைஞ்சு பிடிச்சுக் கொடுத்தார்."

அவர் குனிந்து பார்த்தார். ஃபோர்க்கின் அடியில் சிவப்பாக நகப்பூச்சு மின்னியது.

"உன் வண்டியில முதல்ல இருந்தது என்னாச்சு?" என்று நிமிர்ந்தார்.

"எதுக்கும் ஆகாதுன்னு காயலான்கடையில போட்டுட்டாராம்," என்றவன், அவருடைய பைக்கின் முன்பக்கத்தை ஆசையாகத் தடவினான். "அது கிடக்கட்டும். உங்களுக்கு மட்டும் இவ்வளவு நல்ல ஃபோர்க் எங்க மாமா கிடைச்சுது?"