எந்தப் பக்கம்?
இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சதுரம் போட்டு, நான்கு மூலைகளிலும் நேர் மின்துகள்களை வைக்கிறார். நடுவில் இன்னொன்று. "நாலும் ஒரே அளவு தள்ளுது. கூட்டிப் பாத்தா பூஜ்யம்தான். நடுவுல இருக்கறது அசையாது." பட்டப்பகலிலேயே வகுப்பு இருட்டிக்கொண்டு வருகிறது. இடிமேகம் தாழ்ந்து நிற்கிறது. இன்னும் ஒரு துளி விழவில்லை, காற்றும் செத்துக் கிடக்கிறது. விளக்கைப் போடத் திரும்பியவர் சன்னல் வழியே மகளைப் பார்க்கிறார். நட்ட நடு மைதானத்தில், கையில் பந்தோடு நிற்கிறாள். அவளுடைய முடி இழை இழையாகப் பிரிந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழுகிறது. தோழிகள் கைகாட்டிச் சிரிக்கிறார்கள். அவளும் தலையைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறாள். மின்னல் இறங்கப்போகும் இடத்தில்தான் முடி இப்படி எழும் என்பது அவருக்குத் தெரியும். "சார், ஒரு மூலைய எடுத்துட்டா விசை எந்தப் பக்கம்?" என்கிறாள் முதல் பெஞ்சுக்காரி. "மேல" என்று வாய் சொல்லும்போதே அவருடைய கால்கள் வாசலைத் தாண்டுகின்றன.